பங்குச் சந்தைக்கு ஏன் பொங்கல் லீவு இல்லை?

ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தக் கேள்வி என்னிடம் வரும். "சார், நாளைக்குப் பொங்கலாச்சே, மார்க்கெட் உண்டா?" கேட்பவர்கள் பெரும்பாலும் பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்து, ஊர்க் காலண்டரைச் சமையலறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் நம் ஜனங்கள்தான். வழக்கமான பதில், "உண்டு". 2026 ஜனவரி 15 அன்று மட்டும் பொங்கலும் சந்தை விடுமுறையும் ஒன்றாக வந்தன. அதற்கும் காரணம் பொங்கல் இல்லை, அன்று மும்பையில் மாநகராட்சித் தேர்தல்!

இது ஏன் இப்படி என்று புரிய 150 வருடக் கதையைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

1850களில் பம்பாய் டவுன் ஹால் பக்கம் ஆலமரத்தடியில் சில தரகர்கள் கூடிப் பேரம் பேசியதுதான் ஆரம்பம். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறி, பம்பாயில் பணம் புரண்டது. போர் முடிந்ததும் 1865இல் எல்லாம் சரிந்தது. அடிபட்ட தரகர்கள் மெல்ல ஒன்றுசேர்ந்து 1875இல் சங்கம் அமைத்தார்கள். அதுதான் இன்றைய பிஎஸ்இ. தரகர்களில் குஜராத்திகளும் பார்சிகளும் அதிகம். அவர்கள் கடையை எப்போது மூடுவார்களோ, அதுதான் சந்தைக்கு விடுமுறை.

இதற்கு நல்ல உதாரணம் முகூர்த்த வியாபாரம். லட்சுமி பூஜையன்று சந்தைக்கு விடுமுறை, ஆனால் ஒரு மணி நேரம் மட்டும் திறப்பார்கள். விக்ரம் சம்வத் ஆண்டின் புதுக்கணக்கு அது. நம் தீபாவளியோ நரக சதுர்த்தசி, பெரும்பாலும் ஒருநாள் முன்னாலேயே வந்துவிடும். 2024இல் நமக்கு அக்டோபர் 31 தீபாவளி. அன்று சந்தை முழுநாளும் நடந்தது, மறுநாள்தான் விடுமுறை. 2025இல் அக்டோபர் 20 நமக்குத் தீபாவளி. அன்றும் சந்தை உண்டு, 21ஆம் தேதி மதியம்தான் முகூர்த்தம். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஷேர் விலை பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அப்படியானால் நமக்கென்று சந்தையே இல்லையா? இருந்தது. சென்னையில் 1920இல் ஒன்று தொடங்கிச் சில வருடங்களிலேயே நின்றுபோனது. 1937இல் மறுபடி தொடங்கியது. பாரிமுனைக்குப் பக்கத்தில் செகண்ட் லைன் பீச்சில் அதன் கட்டடம். கோயம்புத்தூரிலும் ஒன்று பிறகு வந்தது. கல்கத்தா, அகமதாபாத் எல்லாவற்றிலும் உள்ளூர்த் தரகர்கள், உள்ளூர் நிர்வாகக் குழு.

இதை மாற்றியது ஒரு கம்ப்யூட்டர் திரை. 1994 நவம்பரில் என்எஸ்இ பங்கு வியாபாரத்தைத் தொடங்கி, சாட்டிலைட் மூலம் ஊருக்கு ஊர் திரையைக் கொண்டுபோனது. 1995 மார்ச்சில் பிஎஸ்இயும் கூச்சல் போட்டு வியாபாரம் செய்யும் முறையை விட்டுத் திரைக்கு மாறியது. மதுரையில் இருப்பவரே நேராக மும்பைச் சந்தையில் வாங்கலாம் என்றால் உள்ளூர்ச் சந்தைக்கு யார் போவார்கள்? வட்டாரச் சந்தைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. 2015இல் சென்னைப் பங்குச் சந்தை செபியின் அனுமதியோடு விடைபெற்றது. வியாபாரம் நம் வீட்டுக்கு வந்தது, காலண்டர் மட்டும் மும்பையோடு போய்விட்டது.

கடிகாரத்தின் கதை வேறு. கூச்சல் காலத்தில் பிஎஸ்இயில் வியாபாரம் நடுப்பகலில் இரண்டு மணி நேரம்தான். திரை வந்தபின் நேரம் நீண்டது. 2009 முடிவு வரை காலை 9.55 முதல் மாலை 3.30 வரை. 2009 அக்டோபரில் செபி, 9 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் சந்தைகளே நேரத்தை வைத்துக்கொள்ளலாம் என்றது. பிஎஸ்இ 9.45 என்று அறிவிக்க, என்எஸ்இ 9 மணி என்றது. நம்மூர் பஸ் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் முன்னால் வண்டியை எடுப்பார்களே, அந்தக் கதைதான்! கடைசியில் 2010 ஜனவரி 4 முதல் இரண்டும் 9 மணிக்குத் திறந்தன. அப்போது சிங்கப்பூரில் நிஃப்டி வியாபாரம் அதிகாலையிலேயே தொடங்கிவந்ததும் ஒரு காரணம். அதே வருடம் அக்டோபர் 18 முதல் 9 மணிக்கு முன்-திறப்பு, 9.15க்கு வழக்கமான வியாபாரம் என்று ஆனது.

காலண்டர் ஏன் இப்படி மாறவில்லை? இங்கேதான் வங்கிக்காரனான என் பக்கத்து விஷயம் வருகிறது. வங்கி விடுமுறை 1881ஆம் வருடத்துச் செலாவணி முறிச் சட்டத்தின்படி அறிவிக்கப்படுவது. மாநிலத்துக்கு மாநிலம் பட்டியல் வேறு. சென்னைப் பட்டியலில் பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் இருக்கும். மும்பைப் பட்டியலில் மகாராஷ்டிர தினம் இருக்கும். ஷேர் வாங்கியவர் பணம் கட்டவும், விற்றவர் பணம் பெறவும் மும்பை வங்கிகள் திறந்திருக்க வேண்டும். அதனால் மும்பை வங்கி மூடினால் சந்தைக்கும் சிக்கல்.

ஆனால் அந்தக் காரணம் இப்போது தேய்ந்துவிட்டது. நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் முதலும் வருடம் முழுக்க 24 மணி நேரமும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கில் நாடே முடங்கியபோதும் சந்தை நடந்தது. 1993 மார்ச் 12, வெள்ளிக்கிழமை, பிஎஸ்இ கட்டடத்திலேயே குண்டு வெடித்தது. அடுத்த திங்களன்று மறுபடி திறந்தார்கள். இத்தனை உறுதியான சந்தை, ஒரு நகரத்துத் தேர்தலுக்கு மூடுகிறது. 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு முழுக்க ஓட்டுப் போட்டது, சந்தை நடந்தது. மே 20 அன்று மும்பை ஓட்டுப் போட்டது, சந்தைக்கு விடுமுறை. மும்பைக்காரர் ஓட்டுப் போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே வருடம் ஜனவரி 22 திங்கள் விடுமுறை என்று அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் முடிவானது. சனிக்கிழமையை வியாபார நாளாக்கினார்கள். தூரத்தில் இருப்பவர் என்ன திட்டம் போட முடியும்?

இதற்காக எல்லா மாநிலப் பண்டிகைக்கும் லீவு கேட்க முடியாது. கேட்டால் சந்தை திறக்கும் நாளே அபூர்வமாகிவிடும். வருட ஆரம்பத்தில் தரும் பட்டியலை நடுவில் மாற்றாமல் இருந்தாலே போதும் என்பது என் கட்சி.

நம் குடும்பங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், பணம். 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் விற்ற மறு வேலைநாளில் கணக்கு முடிகிறது. 2003க்கு முன் இருந்த நிலைக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் "வேலைநாள்" என்பது மும்பையின் வேலைநாள். வியாழன் விற்று வெள்ளி விடுமுறையானால் திங்கள்தான். அதன் பிறகும் புரோக்கர் கணக்கிலிருந்து உங்கள் வங்கிக்கு வர வேண்டும். சந்தை திறந்திருந்தும் வங்கி மூடியிருக்கும் செட்டில்மென்ட் விடுமுறைகள் தனி.

ஆகவே ஊரில் கல்யாணம், காலேஜ் ஃபீஸ், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று தேதி குறித்த செலவு இருந்தால், கடைசி நாள் வரை விலை ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே விற்றுப் பணத்தைச் சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சுவரில் தொங்கும் ஊர்க் காலண்டர் இருக்கட்டும், பக்கத்திலேயே என்எஸ்இ விடுமுறைப் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். ராகுகாலம் பார்ப்பவர்கள் அதையும் பார்த்துக்கொள்ளலாம், தப்பில்லை.