மெய்நிகர்க் காட்சியால் வலி தணித்தல்

ஊசி போடுதல், கட்டு மாற்றுதல் போன்ற வலிமிகுந்த சிகிச்சைகளின்போது நோயாளியின் கவனத்தைக் கணினி உருவாக்கிய முப்பரிமாண உலகுக்குள் இழுத்து வலியை மட்டுப்படுத்தும் முறை. பெரும்பாலும் வலிநிவாரணி மருந்துகளுக்குத் துணையாகவே இது கையாளப்படுகிறது.

கவனத்தைத் திருப்பி வலியைக் குறைக்கும் எண்ணம் இதற்கு முந்தையது. 1960இல் பாஸ்டன் பல் மருத்துவர் வாலஸ் கார்ட்னரும் உளவியலாளர் ஜே. சி. ஆர். லிக்லைடரும் ஹெட்போன் வழியே இசையையும் இரைச்சலையும் கேட்கவைத்துப் பல் சிகிச்சை செய்ததை 'சயின்ஸ்' இதழில் பதிவு செய்தனர். வலி ஆய்வாளர்களான மெல்சாக், வால் இருவரின் 1965ஆம் ஆண்டு 'வாயில் கோட்பாடு', மனநிலையும் வலியுணர்வை மாற்றும் என்பதற்கு அறிவியல் அடிப்படை தந்தது.

இம்முறையின் வரலாறு பெரிதும் சியாட்டில் ஹார்பர்வியூ மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைச் சுற்றியே அமைகிறது. தீப்புண் நோயாளி அசையாமல் படுத்திருக்கும்போது அபின்வகை மருந்துகள் ஓரளவு காக்கும். புண்ணைக் கழுவிச் சுரண்டும்போது அவை போதுவதில்லை. அந்த வேதனை நாள்தோறும் திரும்ப வரும். ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்னும் உளவியலாளர்கள் 1996 முதல் இங்கு ஆய்வு செய்தனர். 2000இல் வெளியான முதல் அறிக்கை பதின்வயதினர் இருவரைப் பற்றியது. அவர்கள் புகுந்த உலகம் சிலந்திப் பயத்தைப் போக்குவதற்காக முன்பே செய்யப்பட்ட ஒரு சமையலறை. ஒருவருக்குத் தோல் ஒட்டிய இடத்திலிருந்து ஸ்டேப்பிள் ஊசிகளைப் பிடுங்கும் வேளையில், அவர் அங்கிருந்த தட்டையும் தேநீர்க் கெண்டியையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஒப்பீட்டுக்காக ஆடிய நின்டெண்டோ வீடியோ விளையாட்டின்போது இருந்ததைவிட வலி வெகுவாகக் குறைந்ததாக இருவரும் கூறினர்.

அடுத்து, தீக்காயத்தினருக்கென்றே 'ஸ்னோவேர்ல்டு' உருவானது. நெருப்புக்கு எதிரான பனி வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. பனிப் பள்ளத்தாக்கில் மிதந்து சென்று பென்குவின்கள், பனிமனிதர்கள்மீது பனிப்பந்து எறிய வேண்டும்; பிந்தைய பதிப்பில் பாடகர் பால் சைமனின் இசையும் சேர்ந்தது. நீர்த்தொட்டியில் அமர்ந்திருப்போருக்காக மின்சாரம் உடலை எட்டாதபடி ஒளியிழைத் தலைக்கவசமும் செய்யப்பட்டது. 2004இல் ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் நடந்த மூளை ஸ்கேன் ஆய்வில், ஸ்னோவேர்ல்டில் இருந்தபோது வலியோடு தொடர்புடைய ஐந்து மூளைப் பகுதிகளிலும் செயல்பாடு தணிந்திருந்தது.

பலன் காட்சியில் மூழ்குவதால் வருகிறதா, எந்தக் கவனச்சிதறலுக்கும் வரக்கூடியதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குழந்தைகளின் வலி குறித்த 2020 காக்ரேன் மீளாய்வு, சான்றுகள் உறுதியாக இல்லை எனக் கருதியது.

2016க்குப் பின் மலிவான ஹெட்செட்டுகள் வந்ததும் பயன்பாடு பரவியது. 2021இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காக வீட்டிலேயே பயன்படுத்தும் ஒரு மெய்நிகர்க் கருவிக்கு அனுமதி அளித்தது.