கழலாத முகமூடி

முன்பெல்லாம் வீடியோவில் முகத்தை மாற்றும் ஃபில்டரைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருந்தது. முகத்துக்குக் குறுக்கே கையை ஆட்டினால் போதும். நாய்க்காது ஒரு நொடி அந்தரத்தில் தொங்கும். உதட்டுச் சாயம் புறங்கையில் ஒட்டிக்கொள்ளும். சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ஃபில்டரின் பிறந்த வீடு ஜப்பான். 1995இல் அட்லஸ், சேகா நிறுவனங்கள் ‘பிரிண்ட் கிளப்’ என்றொரு பெட்டியை விளையாட்டுக் கூடங்களில் நிறுத்தின. யோசனை, அட்லஸில் வேலை பார்த்த சசாகி மிஹோ என்ற பெண்ணுடையது. காசு போட்டு உள்ளே நின்றால் படம் குட்டி ஸ்டிக்கர்களாக வெளியே வரும். பள்ளி மாணவிகள் அவற்றை நோட்டில் ஒட்டினார்கள், தோழிகளோடு மாற்றிக்கொண்டார்கள். முதலில் படத்தைச் சுற்றி அலங்காரச் சட்டம் மட்டும்தான். பின்னால் வந்த இயந்திரங்கள் கண்ணைப் பெரிதாக்கின, தோலை வெளுத்தன. ஆனாலும் அது பெட்டிக்குள் நடந்த கூத்து. திரையை விலக்கி வெளியே வந்தால் அவரவர் முகம் அவரவருக்கு.

அடுத்த ஊர் உக்ரைனின் ஒடெசா. வீடியோவில் பேசும்போதே முகத்தை மாற்றும் செயலியை லுக்ஸரி என்ற நிறுவனம் அங்கே உருவாக்கியது. 2015இல் ஸ்னாப்சாட் அதை வாங்கியது. விலை 15 கோடி டாலர் என்றன செய்திகள். கணினிக்கு முகம் என்றால் வெளிச்சமும் நிழலும்தான்: கண்குழி கன்னத்தைவிட இருண்டிருக்கும், மூக்குத்தண்டு வெளுத்திருக்கும். இந்தக் கணக்கில் முகத்தைக் கண்டுகொண்டதும், புருவம், இமை, உதடு, தாடை ஓரங்களில் புள்ளி வைத்து வலை பின்னிவிடும். நாம் வாயைத் திறந்தால் வலையும் திறக்கும், நாய் நாக்கு தொங்கும். கை குறுக்கே வந்தால் புள்ளிகள் தொலையும். முகமூடி நழுவியது அதனால்தான்.

2016இல் உலகம் சுற்றிய ஸ்னாப்சாட்டின் அந்த நாய்க்குட்டி ஃபில்டர்மேல் எனக்கொரு வழக்கு உண்டு. காதையும் மூக்கையும் ஊரறியக் காட்டியது. கூடவே தோலை வழுவழுப்பாக்கி முகத்தை மெலிய வைத்ததைப் பற்றி மூச்சே விடவில்லை.

2018இல் பாஸ்டன் தோல் மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள்: முன்பு நடிகைகளின் படத்தோடு அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள், இப்போது ஃபில்டர் போட்ட தங்கள் படத்தோடே வருகிறார்கள். இதற்கு ‘ஸ்னாப்சாட் டிஸ்மார்ஃபியா’ என்ற பெயரும் வந்துவிட்டது. நடிகையிடம் தோற்பதில் ஒரு நிம்மதி உண்டு, அவள் வேறு ஆள். தன்னிடமே தோற்றவர் யாரிடம் போய் ஆறுதல் தேடுவார்?

2023இல் டிக்டாக்கில் ‘போல்ட் கிளாமர்’ வந்தபோது பலர் முதலில் செய்தது கையை ஆட்டிப் பார்த்ததுதான். ஒன்றும் நழுவவில்லை. மேலே ஒட்டாமல் நொடிக்கு நொடி முகத்தையே புதிதாக வரைகிறது என்று துறை சார்ந்தவர்கள் கணித்தார்கள். இந்தியாவில் டிக்டாக்குக்கு 2020லேயே தடை. அதனால் என்ன? பல போன்களில் ஃபில்டர் கேமராவோடு கூடப்பிறந்தே வருகிறது, ‘பியூட்டி’ என்ற பெயரில்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் சித்தி செல்ஃபி எடுக்கச் சொன்னார். என் போனில் அந்தப் ‘பியூட்டி’யை அணைத்து வைத்திருக்கிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கழுத்துச் சுருக்கம், மூக்குத்திக்குப் பக்கத்து மரு, எல்லாம் அப்படியே சித்தி.

“உன் போன்ல கேமரா சரியில்லடா” என்று தன் போனை நீட்டினார். “இதுல எடு.”