உயிரணுவில் ஒரு தூது

புதிய மருந்தொன்று தோன்றும்போதெல்லாம் புதிய அச்சமொன்றும் அதனுடன் பிறப்பதுண்டு. 1796ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் பசுவம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். 1802இல் ஜேம்ஸ் கில்ரே என்ற ஓவியர் லண்டனில் ஒரு கேலிச் சித்திரம் வெளியிட்டார். அம்மை குத்திக்கொண்டவர்களின் உடலிலிருந்து பசுக்கள் முளைத்து வருவதாக அதில் வரைந்திருந்தார். பசுவின் பொருள் உள்ளே புகுந்தால் மனிதன் மனிதனாகவே இருப்பானா என்று அன்று மக்கள் கொண்டிருந்த அச்சத்தையே அவர் தீட்டினார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தையொன்றுக்கு அம்மை குத்தப்பட்டது; நம் நாட்டில் அம்முறை வேரூன்றியது அவ்வாறுதான்.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 2020ஆம் ஆண்டின் இறுதியில், எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி வந்தபோது பழைய அச்சமே புதிய உடை தரித்து வந்தது. இவ்வூசி நம் டி.என்.ஏ.வை மாற்றிவிடுமா என்று பலர் கேட்டனர். இது இகழத்தக்க கேள்வியன்று. பரம்பரைச் செல்வத்தைப் பற்றிக் கவலை கொள்ளாதார் யார்? அதற்கு விடை காண, எம்.ஆர்.என்.ஏ. என்ற பொருள் கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

ஒரு குடும்பத்தின் மூலப் பத்திரம் பெட்டகத்தில் பூட்டியிருக்கும். அன்றாட அலுவலுக்கு அதன் நகலே வெளியே செல்லும். நம் உயிரணுவிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். டி.என்.ஏ. என்னும் மூலம் உட்கருவினுள் இருக்கிறது. அதன் இரட்டைச் சுருள் அமைப்பை 1953இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டனர். ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் எடுத்த எக்ஸ்ரே படங்கள் அதற்குப் பெருந்துணை புரிந்தன. ஆனால் உடலை இயக்கும் புரதங்கள் உருவாவது உட்கருவுக்கு வெளியே, ரைபோசோம் என்னும் நுண்ணிய பட்டறைகளில். பெட்டகத்தில் உள்ள செய்தி பட்டறைக்குச் செல்வது எங்ஙனம்? இதுவே அக்காலத்து விஞ்ஞானிகளை வாட்டிய வினா.

விடை எளிதிற் கிட்டவில்லை. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் நடந்த ஒரு சோதனையில், புதிய மரபணு பாக்டீரியாவினுள் நுழைந்த சில நிமிடங்களிலேயே அதற்குரிய புரதம் உருவாகத் தொடங்கியது. நெடுநாள் நிலைத்திருக்கும் ரைபோசோம் இத்துணை விரைவில் செய்தி தாங்கி வந்திருக்க இயலாது. 1960 ஏப்ரல் 15, புனித வெள்ளியன்று, கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரின் அறையில் கிரிக், பாரிஸிலிருந்து வந்த பிரான்சுவா ஜாக்கோப் முதலியோர் இதுபற்றி உரையாடினர். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் வோல்கின், அஸ்ட்ராகான் என்ற இருவர் 1956இல் கண்ட ஒரு பொருள் அப்போது நினைவுக்கு வந்தது. விரைவில் தோன்றி விரைவில் மறையும் ஆர்.என்.ஏ. அது. தேடிய தூதுவன் அதுவே என்பது அங்கிருந்தோர் மனத்தில் பளிச்சிட்டது.

அவ்வாண்டு கோடையில் பிரென்னரும் ஜாக்கோபும் கலிபோர்னியா சென்று, மெசல்சனுடன் சேர்ந்து சோதனை தொடங்கினர். வேலை தோல்விமேல் தோல்வியாக முடிந்தது, ரைபோசோம்கள் கலைந்துபோயின. நாடு திரும்ப வேண்டிய நாளும் நெருங்கியது. சோர்ந்துபோய்க் கடற்கரையில் அமர்ந்திருந்தபோது, மக்னீசியமே காரணம் என்று பிரென்னருக்குத் தோன்றியது. ரைபோசோமைக் கட்டிக் காப்பது மக்னீசியம். சோதனையிற் சேர்த்த சீசியம் அதை வெளியேற்றிக்கொண்டிருந்தது. மக்னீசியத்தை மிகுதியாகச் சேர்த்ததும் சோதனை வென்றது. 1961 மே மாதம் அம்முடிவு வெளியாயிற்று; வாட்சன் முதலியோர் வேறு வழியிற் கண்ட அதே உண்மையும் உடன் வெளியாயிற்று.

தூது கிடைத்தது, அதன் மொழி என்ன? அதே 1961இல் நீரன்பர்க்கும் மத்தேயும் அம்மொழியின் முதற் சொல்லைப் படித்தனர். பஞ்சாபின் ராய்ப்பூர் என்னும் சிற்றூரிற் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, ஆர்.என்.ஏ. இழைகளைத் தாமே திட்டமிட்டு அமைத்து, மும்மூன்று எழுத்துகளால் ஆன 64 சொற்களின் பொருளை அறியப் பெரிதும் உதவினார். நீரன்பர்க், ஹாலி ஆகியோருடன் 1968இல் நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டார்.

மொழி தெரிந்தபின், நாமே ஒரு தூது எழுதி உயிரணுவுக்கு அனுப்பலாகாதா என்ற எண்ணம் எழுவது இயல்பு. எனினும் வெளியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வை உடல் பகையென்று கருதிக் கொதித்தெழுந்தது. ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய கேட்டலின் கரிக்கோ, ஆதரவு குறைந்த நிலையிலும் இத்துறையை விட்டகலவில்லை. 1990களின் பிற்பகுதியில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நகலெடுக்கும் எந்திரத்தருகே ட்ரூ வைஸ்மனுடன் அவருக்கு அறிமுகம் ஏற்பட்டது. தூதின் எழுத்துகளில் ஒன்றாகிய யூரிடினைச் சிறிது மாற்றினால் உடல் கொதிப்பதில்லை என்று இருவரும் 2005இல் வெளியிட்டனர். அதற்கான நோபல் பரிசு 2023இல் வந்தது.

இனி ஊசியின் செயலைக் காண்போம். கொழுப்பாலான நுண்துளி ஒன்று தூதைச் சுமந்து உயிரணுவினுள் சேர்க்கிறது. கொரோனா வைரஸின் மேலுள்ள முள் போன்ற புரதத்தை அமைக்கும் முறை மட்டுமே அத்தூதில் எழுதப்பட்டுள்ளது. ரைபோசோம் அதைப் படித்துப் புரதத்தை ஆக்குகிறது. உடலின் காவற்படை அதைக் கண்டு பழகிக்கொள்கிறது. தூதோ, பெரும்பாலும் சில நாட்களிற் சிதைந்து போகிறது.

டி.என்.ஏ. மாறுமா என்ற கேள்விக்கு இப்போது விடை கூறலாம். தூதின் வேலை முழுவதும் உட்கருவுக்கு வெளியே நடைபெறுகிறது. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதும் என்சைம் ஒன்று சில வைரஸ்களில் உண்டென்று 1970இல் டெமினும் பால்டிமோரும் கண்டனர் என்பது மெய்யே. அத்தகைய என்சைமோ, எழுதியதை மூலத்திற் பொருத்தும் என்சைமோ இவ்வூசியில் இல்லை. கோடிக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொண்ட பின்னும், அவர்தம் டி.என்.ஏ. அதனால் மாறியதாகக் காணப்படவில்லை. காய்ச்சலும் கைவலியும் பலருக்கு வந்தன; அரிதாக, இளைஞர்கள் சிலருக்கு இதயத் தசையில் அழற்சியும் கண்டது. அவற்றை மறைத்தல் தகாது. ஆனால் அவை காவற்படையின் கிளர்ச்சியைச் சார்ந்தவையாகவே கருதப்படுகின்றன. மூலம் திருத்தப்பட்டதன் அடையாளங்கள் அல்ல.

தூது விரைவில் அழிவதால் அதைக் காத்தலும் அரிது. முதலில் வந்த ஊசிகளுள் ஒன்றுக்குப் பூஜ்யத்திற்குக் கீழே 70 பாகை செல்சியஸ் அளவு குளிர் வேண்டியிருந்தது. நம் நாட்டுச் சிற்றூர்களுக்கு அது எட்டாப் பொருள். புனேயில் உருவாகி 2022 ஜூனில் அவசரகால அனுமதி பெற்ற இந்தியாவின் முதல் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியை, 2 முதல் 8 பாகை வரையிலான சாதாரணக் குளிர்பெட்டியிலேயே வைக்கலாம். கொரானா பொருள் கண்டு உதவிய மொழியில், அவர் பிறந்த மண்ணின் மக்களுக்காக இங்கேயே ஒரு தூது எழுதப்பட்டது. அதனை ஏற்பதா என்று எண்ணிப் பார்ப்போர், பெட்டகம் எது, நகல் எது என்று அறிந்துகொண்டு எண்ணிப் பார்ப்பாராக.