தோட்டம் விட்டுப் புறப்பட்ட தாதியர்

கடாரம் என்றதும் தமிழ் பயிலும் மாணவர்க்கு 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் செலுத்திய கப்பற்படையே நினைவுக்கு வரும். ஆயின் இன்று கெடா மாநிலத்தில் வாழும் தமிழர்தம் வரலாறு பெரும்பாலும் அப்படையெடுப்பில் தொடங்கியதன்று, பால்மரத்தடியில் தொடங்கியதாகும். அவ்வரலாற்றில் ஏட்டில் அதிகம் ஏறாத ஒரு பகுதி உண்டு. தாதியராகத் தேர்ச்சி பெற்ற தோட்டத்துப் பெண்கள், தம் முதல் வேலைக்காகப் பிறந்த மண்ணைவிட்டுப் புறப்பட்ட வரலாறே அது.

1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயரின் மேலாண்மைக்கு மாறியது. வடக்கே நெல்வயல்கள் நிலைத்திருக்க, தெற்கே கூலிம், கோல மூடா வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் திரட்டிய தமிழர்கள் பினாங்குத் துறையில் இறங்கினர். ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் தங்கினர். பின்னர் சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். 1938இல் இந்திய அரசு இத்தகைய ஆள் அனுப்புதலைத் தடை செய்தது. அதற்குள் தோட்டமே அவர்களுக்கு ஊராகிவிட்டிருந்தது.

அவ்வூரின் உடல்நலம் யாருடைய பொறுப்பு? தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு என்றே சட்டம் வகுத்தது. ஆகவே தோட்டத்து மருந்தகத்தில் ‘டிரசர்’ எனப்பட்ட மருத்துவ உதவியாளர் அமர்ந்தார். காய்ச்சலுக்கு மருந்து தருவதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், ‘இவன் இன்று வேலைக்குத் தகுதியுடையவன்’ என்று முடிவு செய்வதும் அவரே. பெரும்பாலும் அவர் ஆடவராகவே இருந்தார். பெண்களுக்கு மருத்துவச்சி வேலையும், ஆயாக்கொட்டகையில் குழந்தைகளைப் பார்க்கும் வேலையும் கிடைத்தன.

இந்நாட்டில் தாதியரின் பதிவை ஒழுங்குபடுத்திய சட்டம் 1950இல் வந்தது. தோட்ட மருத்துவ உதவியாளரைப் பதிவு செய்யும் சட்டமோ தனியே 1965இல் வந்தது. தேர்ச்சி பெற்ற தாதிக்கு மருத்துவமனை. தோட்டத் தொழிலாளிக்கு டிரசர்: இரண்டும் இரு வேறு பாதைகளாக ஓடின. விடுதலைக்குப் பின் அரசு விரிவுபடுத்திய ஊரக நலவாழ்வு நிலையங்களும் கம்பங்களையே முதன்மையாக நாடின. தோட்டம் தனியார் நிலம் என்று ஒதுங்கி நின்றது. எனவே தாதிமை பயின்று திரும்பிய பெண்ணுக்கு, அவள் பிறந்த தோட்டத்தில் பெரும்பாலும் பதவியே இல்லை. எங்கே அவள் தேவை மிகுதியோ, அங்கே அவளுக்கு இடமில்லை. இம்முரண்பாடே நம் வரலாற்றின் கரு.

பயிற்சியின் வாயிலை அடைவதும் எளிதாயிருக்கவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்தது. 1965இல் பொதுக்கல்வி ஒன்பது ஆண்டுகளாக விரிவுபெறும்வரை, இடைநிலைப்பள்ளி செல்ல ஒரு தேர்வைக் கடக்க வேண்டியிருந்தது. அதன் பின்னரும் தமிழ்ப்பள்ளி மாணவிக்குப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகக் கழிந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத குடும்பங்களும், குடியுரிமையின்றிச் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்த குடும்பங்களும் பல. அவற்றில் பிறந்த பெண்ணுக்கு அரசுப் பணியின் கதவு பாதி மூடியே இருந்தது.

இவற்றைக் கடந்தவர்கள் அரசுத் தாதிமைப் பள்ளியில் சேர்ந்தனர். அங்கே விடுதியும் உதவித்தொகையும் உண்டு. அதற்கு ஈடாகக் குறித்த காலம் அரசுக்குப் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தமும் உண்டு. தேர்ச்சி பெற்றதும் பணியாணை வரும். அனுப்பும் ஊருக்குச் செல்ல வேண்டும். வேறு சிலர் கடல் கடந்தனர். 1948இல் தொடங்கிய பிரிட்டனின் தேசிய நலவாழ்வுப் பணி, 1960களிலும் 1970களிலும் மலேசியப் பெண்களைப் பயிற்சித் தாதியராகச் சேர்த்துக்கொண்டது. பாட்டனை ஒரு கப்பல் கூலியாகக் கொண்டுவந்தது. பேத்தியோ கையில் கல்விச் சான்றிதழோடு வேறொரு நாட்டுக்குப் பயணமானாள்.

அடுத்த தலைமுறையில் நிலை மாறியது. தனியார் கல்லூரிகள் தாதிமைப் பட்டயக் கல்வியைப் பெருமளவில் வழங்கின. 2001இல் சுங்கைப்பட்டாணியில் ஏய்ம்ஸ்ட் கல்வி நிலையம் தொடங்கிப் பின்னர்ப் பீடோங்கை அடுத்த செமிலிங்கில் நிலைபெற்றது. அங்கும் தாதிமை கற்பிக்கப்பட்டது. தோட்டத்து மக்களின் மண்ணிலேயே மருத்துவக் கல்வி முளைத்தது பெருமைக்குரியதே. ஆயினும் இம்முறை பயிற்சியோடு வேலை வரவில்லை. கடனே உடன் வந்தது. நாடெங்கும் தனியார் கல்லூரித் தாதியர் பலர் வேலையின்றித் தவிக்கவே, 2010இல் அரசு புதிய தாதிமைப் பயிற்சித் திட்டங்களுக்குத் தடை விதித்தது. சேர்க்கைக்கான கல்வித் தகுதியையும் உயர்த்தியது. தாதியர் வாரியத்தின் தேர்வில் வென்றவளும், பினாங்கு, கிள்ளான் பள்ளத்தாக்கு, ஜொகூர், சிங்கப்பூர் என்று முதல் வேலையைத் தானே தேடி அலைய வேண்டியதாயிற்று.

முன்னவள் அனுப்பப்பட்டாள்; பின்னவள் தேடிச் சென்றாள். இருவரையும் வெறும் ‘முன்னேற்றம்’ என்ற ஒரே சொல்லால் அளந்துவிடல் ஆகாது. அவர்கள் சம்பளத்தால் தம்பி தங்கையர் படித்தனர். தோட்டம் துண்டாடப்பட்டபோதும், பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தபோதும், பெற்றோர்க்கு நகரில் ஒரு கூரை கிடைத்தது. இது பெற்ற பேறு. ஆனால் லயத்து வீட்டில் நோயுற்றுக் கிடந்த முதியவளுக்கு, அவள் பெற்று வளர்த்த தாதியின் கை எட்டாத் தொலைவில் இருந்தது. இது கொடுத்த விலை. பேற்றை எழுதிய நாம் விலையை எழுதவில்லை.

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குக் களப்பணியாகத் தரலாம். ஒவ்வோர் ஊரிலும் ஓய்வுபெற்ற தாதியர் இருக்கின்றனர். எங்கே பயின்றீர்கள், அதற்கு யார் செலவு செய்தனர், முதல் பணியிடம் எது, அன்று வீட்டில் நோயாளியை யார் பார்த்துக்கொண்டார் என்னும் நான்கு வினாக்கள் போதும். அவ்விடைகளைத் தொகுத்தால் கெடாத் தமிழரின் வரலாற்றில் விடுபட்ட ஓர் இயல் எழுதப்பெறும்; அவ்வினாக்களுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே வாழும்போதே அது எழுதப்பெற வேண்டும்.