ஓர் ஆற்றையே சாக்கடையாக்கிய ஜெர்மனி... மீட்க 30 ஆண்டுகள், 550 கோடி யூரோ! எம்ஷர் ஆறு மீண்டது எப்படி?

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் ஓடும் ஒரு சின்ன ஆறு, எம்ஷர். நீளம் வெறும் 80 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் 100 ஆண்டுகளுக்கும் மேலாக ‘ஐரோப்பாவின் மிக மோசமான ஆறுகளில் ஒன்று’ என்று பெயர் வாங்கிய ஆறு இது. அலட்சியத்தால் கெட்டுப்போன ஆறு இல்லை இது. கூட்டம் போட்டு, திட்டம் போட்டு, சட்டம் போட்டு சாக்கடையாக மாற்றப்பட்ட ஆறு. இன்று அதே ஆற்றில் மீன் நீந்துகிறது. இடையில் என்ன நடந்தது?

எங்கே இருக்கிறது எம்ஷர்?

நார்த் ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில், டோர்ட்முண்ட் நகருக்குக் கிழக்கே உள்ள ஹோல்ஸ்விக்கேடே என்ற ஊரில் பிறக்கிறது எம்ஷர். அங்கிருந்து மேற்கு நோக்கி டோர்ட்முண்ட், ஹெர்னே, கெல்சென்கிர்ஷன், எசன், போட்ராப், ஓபர்ஹவுசன் எனத் தொழில் நகரங்கள் வழியாக ஓடி, டின்ஸ்லாக்கன் அருகே ரைன் நதியில் கலக்கிறது. இதன் வடிநிலப் பரப்பு சுமார் 865 சதுர கிலோமீட்டர். சின்ன இடம்தான். ஆனால் அங்கே 20 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எம்ஷர் கரைகள் சதுப்பு நிலமாகவும் காடாகவும்தான் இருந்தன. காட்டுக் குதிரைகள் கூட்டமாகத் திரிந்தன. அந்தக் குதிரைகளைப் பிடித்து விற்ற சந்தைதான், இன்று ஹெர்னே நகரில் நடக்கும் பிரபலமான கிராங்கே திருவிழாவுக்கு மூலம்.

நிலக்கரி வந்தது... நிலம் இறங்கியது

இந்தப் பகுதியின் அடியில் நிலக்கரி கொட்டிக்கிடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சுரங்கங்களும் இரும்பாலைகளும் வரிசையாக முளைத்தன. வேலை தேடி மக்கள் குவிந்தார்கள். வீட்டுக் கழிவு, ஆலைக் கழிவு, சுரங்கத்தில் இருந்து இறைத்த தண்ணீர் என எல்லாமே எம்ஷரில் போய் விழுந்தது.

எம்ஷர் இயல்பிலேயே மெதுவாக, வளைந்து வளைந்து ஓடும் ஆறு. அடியில் நிலக்கரியைத் தோண்டி எடுக்க எடுக்க, மேலே இருந்த நிலம் உள்வாங்கியது. சில இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குத் தரை இறங்கியது. பள்ளமான இடத்தில் ஆறு எப்படி ஓடும்? கழிவுநீர் அப்படியே தேங்கியது. மழை பெய்தால் தெருவுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வந்தது. கூடவே நோயும் வந்தது.

ஏன் ஆற்றைச் சாக்கடை ஆக்கினார்கள்?

‘பூமிக்கு அடியில் குழாய் பதித்திருக்கலாமே?’ என்று தோன்றலாம். அதுதான் முடியவில்லை. தரை இறங்கிக்கொண்டே இருந்தால் குழாய் உடையும், சாய்மானம் மாறும், கழிவு கசியும். திறந்த கால்வாய் என்றால் எங்கே உடைந்தாலும் கண்ணுக்குத் தெரியும், உடனே சரிசெய்யலாம்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு காண 1899 டிசம்பர் 14-ஆம் தேதி உருவானதுதான் எம்ஷர் கூட்டமைப்பு. நகராட்சிகள், சுரங்க நிறுவனங்கள், ஆலைகள் எல்லாம் இதில் உறுப்பினர்கள். யார் கழிவு விடுகிறார்களோ அவர்களே செலவையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் கணக்கு. 1904-ல் பிரஷ்ய அரசு இதற்குத் தனிச் சட்டமே போட்டது.

அதன் பிறகு எம்ஷரின் வளைவுகள் நிமிர்த்தப்பட்டன. ஆற்றின் தரையில் கான்கிரீட் பலகைகள் பதிக்கப்பட்டன. இரு பக்கமும் உயரமான கரைகள் எழும்பின. தெற்கே ஓடும் ரூர் ஆறு குடிநீருக்கு, எம்ஷர் கழிவுநீருக்கு என்று வேலையே பிரிக்கப்பட்டது. ரூரைக் காப்பாற்ற எம்ஷரைப் பலி கொடுத்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

கிளை ஓடைகளும் தப்பவில்லை. கான்கிரீட் கால்வாய்களாக மாறிய அவற்றை உள்ளூர் மக்கள் ‘கோட்டல்பெக்கே’ என்று அழைத்தார்கள். நம்ம பாஷையில் சொன்னால், ‘மல ஓடை’. கரை நெடுக வேலியும் ‘உயிருக்கு ஆபத்து’ பலகையும்தான். சரிவான கான்கிரீட்டில் வழுக்கி உள்ளே விழுந்தால் ஏறி வருவது கஷ்டம்.

இடம் மாறிய முகத்துவாரம்

ரைனில் கலக்கும் இடத்திலும் தரை இறங்கியதால், ஆற்றின் முகத்துவாரத்தையே வடக்கே தள்ள வேண்டியதானது. 1910 வாக்கில் ஒருமுறை, 1949-ல் இன்னொரு முறை என எம்ஷர் இடம் மாறி ரைனில் சேர்ந்தது.

இன்னொரு விநோதமும் உண்டு. 1970-களில் முகத்துவாரத்துக்கு அருகே பிரமாண்ட சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். பொதுவாகக் கழிவைச் சுத்தம் செய்து ஆற்றில் விடுவார்கள். இங்கே ஆறே கழிவு என்பதால், ஆற்றையே நிலையத்துக்குள் விட்டுச் சுத்தம் செய்து ரைனுக்கு அனுப்பினார்கள்!

சிவில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு ‘இம்ஹாஃப் டேங்க்’ தெரிந்திருக்கும். மேல் அறையில் கழிவைத் தெளியவைத்து, கீழ் அறையில் சகதியை மக்கவைக்கும் தொட்டி. அதை உருவாக்கிய கார்ல் இம்ஹாஃப், எம்ஷர் கூட்டமைப்பில் வேலை பார்த்த பொறியாளர். ஜெர்மன் மொழியில் அந்தத் தொட்டிக்கு ‘எம்ஷர் கிணறு’ என்றே பெயர்.

மீட்பு எப்படி சாத்தியமானது?

1980-களுக்குள் நிலக்கரிச் சுரங்கங்கள் எம்ஷர் பகுதியை விட்டு வடக்கே நகர்ந்துவிட்டன. தரை இறங்குவது நின்றது. அப்படியென்றால் இப்போது பூமிக்கு அடியில் குழாய் பதிக்கலாம் இல்லையா? 1990-களின் தொடக்கத்தில் ஆற்றை மீட்கும் முடிவு எடுக்கப்பட்டது.

முதலில் டோர்ட்முண்ட், போட்ராப் உள்ளிட்ட இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பிறகு ஓடைகளுக்கு இணையாக 400 கிலோமீட்டருக்கும் அதிகமான நிலத்தடிக் குழாய்கள். எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு, டோர்ட்முண்டில் இருந்து டின்ஸ்லாக்கன் வரை செல்லும் 51 கிலோமீட்டர் நீளப் பிரதானக் குழாய்.

இதன் கணக்கு எளிது. கழிவு தேங்காமல் ஓட, ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சாய்மானம் வேண்டும். 51 கிலோமீட்டருக்கு அப்படியே சாய்த்துக்கொண்டே போனால் கடைசியில் குழாய் 75 மீட்டருக்கும் கீழே போய்விடும். அதனால் கெல்சென்கிர்ஷன், போட்ராப், ஓபர்ஹவுசன் என மூன்று இடங்களில் ராட்சத பம்புகளை வைத்துக் கழிவுநீரை மேலே தூக்கி மறுபடி ஓடவிடுகிறார்கள். அப்படியும் சில இடங்களில் குழாய் 40 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

ஓபர்ஹவுசன் பம்பிங் நிலையத்தின் தொடக்க விழாவுக்கு 2021 ஆகஸ்டில் அன்றைய பிரதமர் அங்கேலா மெர்கலே வந்திருந்தார். 2021 முடியும்போது எம்ஷரில் கழிவுநீர் விடுவது முழுமையாக நின்றது. மொத்தச் செலவு சுமார் 550 கோடி யூரோ. இதில் பெரும் பகுதி கூட்டமைப்பின் உறுப்பினர்களிடம் இருந்து வந்தது. அதாவது, அங்கே வாழும் மக்கள் கட்டிய கழிவுநீர்க் கட்டணமும் இதில் அடக்கம்.

இப்போது ஆறு எப்படி இருக்கிறது?

கான்கிரீட் பலகைகள் பெயர்க்கப்பட்டு, இடம் கிடைத்த பகுதிகளில் ஆறு மறுபடி வளைந்து ஓடுகிறது. டோர்ட்முண்டில் மூடப்பட்ட ஃபீனிக்ஸ் இரும்பாலைக்கு அடியில் குழாய்க்குள் அடைபட்டிருந்த எம்ஷர் வெளியே கொண்டுவரப்பட்டது. ஆலை இருந்த இடத்தில் 24 ஹெக்டேரில் ஓர் ஏரி வெட்டி, 2010 அக்டோபரில் தண்ணீர் நிரப்பத் தொடங்கினார்கள். தொழிலாளர்கள் வாழ்ந்த அந்தப் பகுதியின் ஏரிக்கரையில் இன்று வசதியானவர்களின் வீடுகள். ‘ஆறு மீண்டது, ஆனால் யாருக்காக?’ என்ற விமர்சனமும் இருக்கிறது.

மீன்களில் ஒரு ஆச்சரியம். எம்ஷருக்கே உரிய ‘எம்ஷர் குரொப்பே’ என்ற சின்ன மீன், போட்ராப் அருகே போயே என்ற கிளை ஓடையின் மேல்பகுதியில் கழிவு எட்டாமல் தப்பிப் பிழைத்திருந்தது. இப்போது அது மற்ற ஓடைகளுக்கும் திரும்பிக்கொண்டிருக்கிறது. ரைனில் இருந்து மீன்கள் ஏறி வர முடியாதபடி தடுத்த பழைய முகத்துவாரத்துக்குப் பதிலாக, 2022 நவம்பரில் தாழ்வான, அகலமான புதிய முகத்துவாரம் திறக்கப்பட்டது.

எல்லாம் முடிந்துவிட்டதா?

இல்லை. ஜெர்மனியின் கடைசி கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் போட்ராப்பில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் இறங்கிய தரை இறங்கியதுதான், திரும்ப ஏறாது. எம்ஷர் பகுதியில் கிட்டத்தட்ட 40 சதவீத நிலத்தில், பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பல குடியிருப்புகள் ஏரியாகிவிடும். ஜெர்மானியர்கள் இதை ‘நித்தியப் பணி’ என்கிறார்கள். சுரங்கங்கள் விட்டுச்சென்ற இந்தச் செலவைச் சமாளிக்கவே 2007-ல் தனி அறக்கட்டளை தொடங்கப்பட்டது.

வீடுகளும் சாலைகளும் நெருங்கிவிட்டதால் ஆற்றுக்குப் பழைய அகலத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. பல இடங்களில் கரைகளுக்கு நடுவேதான் ஓடுகிறது. வெள்ளம் வந்தால் தேக்கிவைக்கத் தனியாக நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஒரு சின்ன ஆற்றைச் சாக்கடையாக்கச் சில ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. மீட்க 30 ஆண்டுகள் ஆனது. ஆனால் அடியில் தோண்டிய நிலக்கரிக்கான பில், பம்புகள் ஓடும் வரை வந்துகொண்டேதான் இருக்கும்.