மாயாபுரியின் பழைய இரும்பும் எங்கள் என்பு மச்சையும்



மீள்குடியேறி வந்த புதிதில் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது பழைய இரும்புக் காசில்தான். பற்றைக்குள் கிடந்த தகரம், உடைந்த வாகனத் துண்டு எல்லாம் தராசில் ஏறின. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் நம் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ஆனால் மஞ்சளில் மூன்று இதழ் போட்ட கதிர்வீச்சு அடையாளத்தை வகுப்பில் காட்டியபோது ஒருவருக்கும் தெரியவில்லை. "ஃபேன் கடை விளம்பரமா சேர்?" என்றான் ஒருவன். அன்று சொன்ன கதையை இங்கும் எழுதுகிறேன்.

டில்லியின் மேற்கில் மாயாபுரி என்றொரு பழைய இரும்புச் சந்தை. 2010 பெப்ரவரியில் டில்லிப் பல்கலைக்கழகம், 1968 முதல் தன்னிடமிருந்த, நெடுங்காலம் பாவிக்காத ஆய்வுக் கருவி ஒன்றை ஏலத்தில் விற்றது. உள்ளே கோபால்ட்-60. வாங்கியவர்களுக்கு அது தெரியாது. வெட்டினார்கள், 11 துண்டுகளானது. சிறு துண்டொன்றை ஒருவர் பணப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். கடைசியில் 8 பேர் வைத்தியசாலையில். விற்றது படித்தவர்களின் இடம், வெந்தது வெட்டியவர்களின் உடல்.

கதிர்வீச்சுக்குச் சூடும் இல்லை, மணமும் இல்லை. அது முதலில் தாக்குவது வேகமாகப் பெருகும் கலங்களை. என்பு மச்சை நாள்தோறும் கோடிக்கணக்கில் குருதிக் கலங்களைச் செய்யும் இடம், அதனால் அடி அங்கேதான் பலம். வெண்கலங்களில் ஒருவகை ஓரிரு நாளிலேயே விழுந்துவிடும். மற்ற வெண்கலங்களும் சிறுதட்டுகளும் ஏற்கெனவே இருந்த கையிருப்பில் சில நாள் ஓடி, மூன்றாம் நான்காம் கிழமைகளில் அடிமட்டத்துக்கு வரும். செங்கலம் 120 நாள் வாழ்வதால் மெதுவாகத்தான் குறையும். ஆள் இறப்பது பெரும்பாலும் அந்த வெறுமையான கிழமைகளில், கிருமியாலோ குருதிக் கசிவாலோ.

அப்படியானால் எப்படி மீள்கிறது? 1949இல் சிக்காகோவில் லியோன் ஜேக்கப்சன் எலிகளின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்து, மற்ற உடலுக்குக் கொல்லும் அளவு கதிர்வீச்சைக் கொடுத்தார். பல எலிகள் பிழைத்தன. எலிக்கு மண்ணீரலும் குருதி செய்யும் உறுப்பு. தப்பிய அந்தச் சிறு பகுதியே உடலைக் காத்தது. 1961இல் ரொறன்ரோவில் டில், மக்கலக் என்ற இருவர், கதிர்வீச்சு பட்ட எலிகளுக்கு மச்சையை ஏற்றினார்கள். மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் முளைத்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு தாய்க் கலத்தின் பிள்ளைகள் என்பது பின்னர் உறுதியானது. தாய்க் கலங்களிற் பல உறங்கும் நிலையில் இருப்பவை, அதனால் சில தப்பிவிடும். தப்பிய சிலவே மச்சையைத் திரும்பக் கட்டும்.

மாயாபுரியில் 0.6 முதல் 2.8 கிரே வரை வாங்கியவர்கள் சிகிச்சையுடன் பிழைத்தார்கள். 3.1 கிரே வாங்கியவர் இறந்தார். எவ்வளவு சின்ன வித்தியாசம்! 1987இல் பிரேசிலின் கோயானியாவிலும் இதே பழைய இரும்புக் கதைதான். 4 பேர் இறந்தார்கள். மச்சையைத் தூண்டும் ஊசி மருந்தை அங்கே சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்று அந்த வகை மருந்து புற்றுநோய் வாட்டுகளில் சாதாரணம்.

இரும்பு எடுக்கும் தம்பிமாரே, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பெட்டியோ அந்த மூன்று இதழோ கண்டால் வெட்டாதீர்கள். விலகி நின்று பொலிசுக்குச் சொல்லுங்கள்.

தெல்லிப்பழைக்கும் மகரகமைக்கும் கதிர்ச் சிகிச்சைக்குப் போய்வரும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. பயப்படாதீர்கள், அங்கே பெரும்பாலும் உடலின் ஒரு பகுதிக்கு மட்டும் அளந்து கொடுக்கிறார்கள். மற்ற என்புகளின் மச்சை, ஜேக்கப்சனின் எலிக்கு மண்ணீரல் தப்பியதுபோல், தப்பியிருக்கும். "வெள்ளணு காணாது, அடுத்த கிழமை வாங்க" என்று வைத்தியர் திருப்பி அனுப்பினால், அது மச்சைக்குக் கொடுக்கும் தவணை. அந்த நாட்களில் தடிமனோடு நலம் விசாரிக்கப் போகாதீர்கள். நோயாளிக்குக் காய்ச்சல் கண்டால் விடியும்வரை பார்த்திராமல் அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.