எஸ்எம்எஸ்எஸ் ஜே0313–6708

பால்வழி மண்டலத்தில், சுமார் 6,000 ஒளியாண்டு தொலைவில், தென்வானின் ஹைட்ரஸ் விண்மீன் குழுவில் உள்ள மிகப் பழைய விண்மீன். ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் ஆய்வகத்திலுள்ள ஸ்கைமேப்பர் தொலைநோக்கியின் வான் அளவீட்டில் சிக்கிய இதைப் பற்றி, ஸ்டெஃபன் கெல்லர் குழுவினர் 2014இல் நேச்சர் இதழில் அறிவித்தனர்.

இதன் சிறப்பு, இதில் இல்லாத ஒன்று: இரும்பு. சூரியனின் நிறமாலையில் இரும்பு பதித்த கருங்கோடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. சிலியிலுள்ள 6.5 மீட்டர் மெகல்லன் தொலைநோக்கி இந்த விண்மீனின் ஒளியைப் பிரித்துக் காட்டியபோது, அக்கோடுகளுக்குரிய இடங்கள் வெறுமையாக இருந்தன. லித்தியம், கார்பன், மெக்னீசியம், கால்சியம் ஆகியவற்றின் தடங்கள் மட்டுமே தெரிந்தன. சூரியனின் இரும்பளவில் ஒரு கோடியில் ஒரு பங்குகூட இல்லை என்று முதலில் கணித்தார்கள். 2017இல் வந்த நுட்பமான கணக்கு அந்த வரம்பைச் சுமார் 34 லட்சத்தில் ஒரு பங்கு எனத் தளர்த்தியது.

பெருவெடிப்பு விட்டுச்சென்றவை ஹைட்ரஜன், ஹீலியம், சிறிது லித்தியம் ஆகியவைதான். கார்பன் முதலான கனமான தனிமங்களை முதல் விண்மீன்களே சமைத்தன. பேருருக் கொண்ட அவை சில பத்து லட்சம் ஆண்டுகளில் வெடித்து மடிந்தன. அவை சிதறிய வாயுவில் பிறந்த சிறு விண்மீன்களோ, எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட்டு இன்றும் ஒளிர்கின்றன. ஜே0313 அத்தகையது. பிறந்த வாயுவின் கலவையை அது பெருமளவு அப்படியே வைத்திருக்கிறது.

கார்பன் மிகுந்து, இரும்பு மட்டும் காணாமல் போனது எப்படி? சூரியனைப்போல் சுமார் 60 மடங்கு நிறையுள்ள ஒரே விண்மீனின் வலுக்குறைந்த வெடிப்பே காரணம் என்பது கண்டுபிடித்தவர்களின் விளக்கம். கார்பன் நிறைந்த வெளியடுக்குகள் தப்பிப் பறந்தன. இரும்பு கொண்ட உள்பகுதி திரும்ப விழுந்து கருந்துளைக்குள் மறைந்தது. 140 மடங்குக்கு மேற்பட்ட நிறையுள்ள விண்மீன் முழுதுமாகச் சிதறியிருந்தால் இரும்பு ஏராளமாகக் கலந்திருக்கும். அந்தத் தடயம் இங்கே இல்லை.

இந்த ஒரு சான்றை எல்லா முதல் விண்மீன்களுக்கும் பொருத்துவது சரியாகாது. 2005இல் அறிவிக்கப்பட்ட எச்ஈ 1327–2326 விண்மீனில் ஹபிள் தொலைநோக்கி துத்தநாகத்தைக் கண்டது. அது, பீறிடும் தாரைகளுடன் கூடிய வலிய வெடிப்பைச் சுட்டுவதாக 2019 ஆய்வு கூறுகிறது. 2011இல் சிம்மக் குழுவில் கண்ட மற்றொரு பழைய விண்மீனில் கார்பன் மிகுதியே இல்லை. கனமான தனிமம் எதுவுமே இல்லாத முதல் தலைமுறை விண்மீன் ஒன்றுகூடப் பால்வழியில் இதுவரை உறுதி செய்யப்படவில்லை.